புரண்டு படுக்காத நாள்

ஜூன் 4

மண்ணில் கால் படாதவனும், கப்பல்களைக் காதைப் பிடித்துத் தூக்குகிறவனும், துறைமுகத்துப் பெரிய கிரேனின் ஏகச் சக்கரவர்த்தியுமான உன் தாய்மாமன், சலவைக்கூடத்து இளவரசனாகிய தன் அக்காள் மகனுக்கு ஆகாயத்திலிருந்து அனுப்பும் ஆசீர்வாதம். இங்கே நான் சுகம். என் இடுப்பு சுகமில்லை, ஆனால் அது தனி ராஜ்ஜியம், என் பேச்சைக் கேட்காது. அங்கே நீ எப்படி, அக்கா எப்படி?

உன் கேள்வி வந்து சேர்ந்தது. உங்கள் சலவைக்கூடத்துப் பாய்லர்காரர் சொல்கிறாராம்: கல்லில் எழுதிய கட்டளையை யாரும் அழிக்கவில்லை, கிறிஸ்தவனாக இருந்தாலும் வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை வேலை செய்யக் கூடாது என்று. உங்கள் போதகரோ, அதெல்லாம் பழைய உடன்படிக்கையோடு போயிற்று, ஞாயிறு காலை வந்து உட்கார்ந்தால் போதும் என்கிறாராம். நீ நடுவில் நின்று முழிக்கிறாய். "உன் மாமா வேதக் கல்லூரியில் படித்தவன், அவனைக் கேள், அவன் சொன்னால் அதுதான்" என்று அக்கா சொன்னாளாம். அந்தக் கல்லூரி என்னை இரண்டாம் வருடமே தூக்கிக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே மரியாதையாக வைத்துவிட்டது. அக்கா இன்றுவரை அதை ஒப்புக்கொண்டதில்லை. "தம்பி லீவுக்கு வந்திருக்கிறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருபது வருடத்து லீவு.

ஆகவே தீர்ப்பைக் கேள். ஓய்வுநாள் கடமைதான், அதுவும் சாதாரணக் கடமை இல்லை. அன்று எதையும் தூக்காதே, இழுக்காதே, குனியாதே. மெல்வது வேலை, விழுங்குவது ஓய்வு. புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டாதே; காற்று புரட்டினால் படிக்கலாம். படுக்கையில் புரள்வது மகா பாவம்: வெள்ளி மாலை எந்தப் பக்கம் சாய்ந்தாயோ, சனி மாலைவரை அந்தப் பக்கமே. எங்கள் கல்லூரித் தலைவர் ஒருமுறை ஓய்வுநாளில் வந்த தும்மலைப் பொழுது சாயும்வரை அடக்கி வைத்திருந்தார். பிறகு விட்டார் பார், மணிக்கூண்டில் மணி தானாக அடித்தது. ஊரே சாட்சி.

இன்னொன்று. இந்தச் சட்டத்தைத் தளர்த்த நிறையப் பேர் வருவார்கள். வானத்துத் தூதன் வந்து சொன்னாலும் கேட்காதே. நானே மனசு மாறி வேறு மாதிரி எழுதினாலும் நம்பாதே. அது சோதனை. அடுப்பில் போடு.

அக்காவைப் பார்க்க வரச்சொல்லி எழுதியிருந்தாய். நான் கீழே இறங்கினால் கடல் வாணிபம் நின்று, தேசங்கள் பட்டினி கிடக்கும். கொஞ்சம் பொறு.

அக்காவின் வலது கைக்கு என் முத்தம்.
மாமா

ஜூன் 17

அன்புள்ள மாமாவுக்கு,

கர்த்தர் புண்ணியத்துல நானும் அம்மாவும் இருக்கோம். நீங்க சுகமா இருக்கீங்கன்னு நினைக்கிறேன். இடுப்புக்குத் தைலம் போடுங்க.

உங்க கடிதத்தை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முடிச்சதும் இன்னொருதரம் படின்னாங்க. "உடம்பு நல்லா இருந்தப்ப நான் ஒரு ஓய்வுநாள்கூட வெச்சதில்ல. அவனைப் படிக்க வைக்க ஏழு நாளும் கடையில நின்னேன். அதான் கை விழுந்துடுச்சு" அப்படின்னாங்க. கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டாங்க.

உங்களுக்குத் தெரியும், பக்கவாதம் வந்த உடம்பு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க. நான் வேலைக்குப் போற நாள்ல கீழ் வீட்டுத் தையல்காரம்மா மேல வந்து மாத்துவாங்க. சனிக்கிழமை அவங்க மகள் வீட்டுக்குப் போயிடுவாங்க. எனக்கும் அன்னைக்குத்தான் லீவு, அதனால நான்தான். நாள் முழுக்க சலவைக்கூடத்துல விரிப்பைப் புரட்டுறேன், வந்து அம்மாவைப் புரட்டுறேன்.

போன சனிக்கிழமை மாத்தல. அம்மா வேண்டாம்னுட்டாங்க. சுவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தாங்க. நான் தூங்கினேன் மாமா. காலையில படுத்தவன் பொழுது சாய்ஞ்சுதான் எழுந்தேன். கடைசியா எப்ப அப்படித் தூங்கினேன்னு ஞாபகமே இல்ல.

எப்ப வர்றீங்க?

உங்கள்
மருமகன்

ஜூன் 28

மேகங்களின் மேஸ்திரி, புயல்களின் கணக்குப்பிள்ளை, உன் மாமன் எழுதுவது. நான் சுகம், இடுப்பு கலகம் செய்கிறது. நீங்கள் இருவரும் சுகம் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது, ஏனென்றால் நோய் உள்ள வீட்டில் இவ்வளவு நகைச்சுவை விளையாது.

அடேய், நீயும் என் ரத்தம்தான். அக்காவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நீ பகல் முழுக்கக் குறட்டை விட்டாயாம். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கிரேன் ஆடி, கீழே ஒரு கப்பல் பயந்து பின்வாங்கியது. உன்னை இன்றோடு பேராயராக நியமிக்கிறேன். அக்காவைப் புனிதவதி வரிசையில் சேர்க்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். மேலிடம் எனக்குப் பக்கத்து கேபின்தான்.

புதிய பேராயருக்குப் புதிய சட்டமும் வேண்டுமே. எழுதிக்கொள்: ஓய்வுநாளில் முனகுவது வேலை. "வலிக்கிறது" என்று சொன்னால் நாக்கு உழைக்கிறது. ஆகவே அதுவும் கூடாது. வலி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தமாகச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த மாதம் வர முடியாது. ஒரு திமிங்கிலம் துறைமுகத்தில் இடம் கேட்டு மனுப் போட்டிருக்கிறது, நான்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

மாமா

ஜூலை 20

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்க இருக்கோம். நீங்க சுகந்தானே.

அம்மாவுக்கு இடது இடுப்புல ஒரு சிவப்புத் தடிப்பு வந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மாதான் பார்த்தாங்க. நர்ஸ் வந்து என்னைத் திட்டினாங்க. "சனிக்கிழமை யார் பார்த்துக்கிறது"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா சொன்னாங்க: "என் தம்பி வேதம் படிச்சவன். அவன் சொல்லித்தான்." நர்ஸ் மருந்து வெச்சுக் கட்டிட்டுப் போயிட்டாங்க.

போன சனிக்கிழமை சாயங்காலம் எழுந்து வந்து "அம்மா, வலிக்குதா"ன்னு கேட்டேன். பொழுது இன்னும் சாயல. ஜன்னலைப் பார்த்தாங்க. "நாளைக்குச் சொல்றேன்"னாங்க.

நீங்க வந்தா நல்லா இருக்கும்.

மருமகன்

ஜூலை 27

மருமகனே,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. பட்டங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன், என் தலை குளிர்கிறது.

டேய், அது விளையாட்டு. தும்மினால் மணி அடிக்குமா? திமிங்கிலம் மனுப் போடுமா? நீ என்னைப் போலவே அளக்கிறாய் என்று நினைத்தேன். நிஜமாகவா புரட்டாமல் விட்டீர்கள்?

இப்போது நிஜமாகப் பதில் சொல்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஓய்வுநாள் மனுஷனுக்காக வந்தது, அதற்காக மனுஷன் வரவில்லை. சூம்பின கையோடு ஒருவன் ஜெபக்கூடத்தில் நின்றானே, அவனை அந்த நாளில்தான் ஆண்டவர் நடுவில் கூப்பிட்டு நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். நாளைக்கு வா என்று சொல்லவில்லை. குழியில் மாடு விழுந்தால் எந்த நாளானாலும் எல்லோரும் தூக்கத்தானே செய்வீர்கள் என்று கேட்டார். சனியா ஞாயிறா என்று ஒருவரையொருவர் குற்றம் பிடிக்க வேண்டாம் என்று அப்போஸ்தலரும் எழுதிவிட்டார். பாய்லர்காரர் சனிக்கிழமை வைத்தால் கர்த்தருக்கென்று வைக்கட்டும். வைக்காதவனும் கர்த்தருடையவன்தான். அக்காவைப் புரட்டு. வெள்ளி, சனி, ஞாயிறு, எல்லா நாளும் புரட்டு.

இதை அவளிடம் சத்தமாகப் படித்துக் காட்டு. நான் வரப் பார்க்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன்.

மாமா

ஆகஸ்ட் 19

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா இருக்கீங்களா. பதில் எழுத நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க.

நீங்க எழுதினது நல்லா இருந்தது. ஆனா முதல் கடிதத்துல நீங்களே சொல்லியிருக்கீங்க, மனசு மாறி எழுதினா அது சோதனை, அடுப்புல போடுன்னு. அம்மாவுக்கு அந்த வரி மனப்பாடம். அதனால அடுப்புக்குப் போயிடுச்சு.

தடிப்பு திறந்துடுச்சு. இப்ப புண். நர்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வர்றாங்க.

கடிதம் வேண்டாம் மாமா. நேர்ல வந்து அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. உங்க வாயால சொன்னா எதை அடுப்புல போட முடியும்?

மருமகன்

ஆகஸ்ட் 25

என் அக்காவுக்கு,

நீ சுகமில்லை என்று தெரிந்துகொண்டே சுகமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அக்கா, உனக்கு எழுதுகிறேன், அவனுக்கு இல்லை. சின்ன வயதில் நான் பொய் சொன்னால் என் காது மடல் சிவக்கும், நீ கண்டுபிடித்துவிடுவாய். கடிதத்தில் காது தெரியாது, அதுதான் வினை. முதல் கடிதம் எழுதும்போது என் இரண்டு காதும் தக்காளிப் பழம் மாதிரி இருந்தது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

அதில் ஒரு வரிகூட வேதத்தில் இல்லை. உன்னைப் புரட்டச் சொல். வலித்தால் சொல். சனிக்கிழமை இன்னும் சத்தமாகச் சொல். உன் கை விழுந்தது கடையில் நின்றதற்கான தண்டனை இல்லை. நீ நின்றதால்தான் நான் சாப்பிட்டேன்.

லீவு கேட்டேன், தரவில்லை. சரக்கு நெரிசல். அடுத்த மாதம் எப்படியும் வந்துவிடுவேன்.

உன் தம்பி

செப்டம்பர் 30

ஐயா,

நான் உங்கள் அக்கா வீட்டுக்குக் கீழே தையல் வேலை செய்கிறவள். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதனால் அதைக் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை என் மகள் வீட்டுக்கு நான் போகவில்லை. மாடிக்குப் போனேன். உங்கள் மருமகன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கூடத்தில் தூங்குகிறார். உள்ளே உங்கள் அக்கா சுவரைப் பார்த்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். நான் கேட்காமல் திருப்பிப் போட்டேன். அழுதார். வலிக்காக இல்லை. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்ததாம், நான் அந்த நாளைக் கெடுத்துவிட்டேனாம்.

தலையணைக்கு அடியில் இருந்த உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "அம்மா, இது கேலி, தும்மல் கதை எல்லாம் யாராவது நிஜமாக எழுதுவார்களா" என்றேன். "என் தம்பியை உனக்குத் தெரியாது. எல்லாத்திலும் விளையாடுவான். வேதத்தில் விளையாட மாட்டான்" என்றார்.

பிறகு என்னிடம் கேட்டார், "அதுக்கப்புறம் ஒரே ஒரு கடிதம்தான் வந்துது, பிறகு அவன்கிட்டேயிருந்து ஒண்ணுமே இல்லையே, அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று. இந்தக் கட்டடத்துக்கு வரும் தபாலை வாங்கி மேலே கொடுப்பது நான்தான். அந்த முதல் கடிதத்துக்குப் பிறகு மூன்று கடிதம் உங்கள் கையெழுத்தில் மருமகனிடம் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் ஏன் வருவதில்லை என்றும் கேட்டேன். "அவனுக்கு நோயாளி வாசனை ஆகாது, சின்ன வயசிலேயே அப்படித்தான்" என்று உங்களுக்காகப் பரிந்து பேசினார். இப்போது அந்த அறையில் வாசனை எனக்கே ஆகவில்லை.

இனி எழுதாதீர்கள். வாருங்கள்.

தையல்காரி

அக்டோபர் 8

மருமகனே,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

தையல்காரம்மா எழுதியிருக்கிறார். நான் அனுப்பியதை நீ அக்காவுக்குப் படித்துக் காட்டினாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் போடு. நான் அவளுக்கென்று தனியாக எழுதியதையாவது கொடுத்தாயா? அடுப்பில் போடச் சொன்னது அவளா, நீயா?

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. உண்மையைச் சொல்லப் போனால் முன்பே கிடைத்திருந்தது. உங்கள் ஊர் ரயில் நிலையம்வரை வந்தேன், திரும்பிப் போனேன். இந்தத் தடவை வருகிறேன்.

மாமா

நவம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகமா இருக்கேன். அம்மா பதினைஞ்சு நாளைக்கு முந்தி சனிக்கிழமை போயிட்டாங்க. புண்ணு ஆறல, காய்ச்சல் இறங்கல. சுவரைப் பார்த்தபடிதான் இருந்தாங்க. நான் எழுந்து போய்ப் பார்த்தப்ப பொழுது சாய்ஞ்சிருந்தது. அடக்கத்தை உடனே முடிக்க வேண்டியதா போச்சு. நீங்க ரயில் நிலையத்துல இருந்து திரும்பிப் போற தூரம் எவ்வளவுன்னு தெரியாததால காத்திருக்கல.

ஒரே வார்த்தையில கேட்டீங்க. இல்ல. படிச்சுக் காட்டல.

நீங்க விளையாட்டுக்கு எழுதினீங்கன்னு முதல் கடிதத்திலேயே தெரியும் மாமா. சலவைக்கூடத்துல நின்னுக்கிட்டே படிச்சு அப்படிச் சிரிச்சேன். பாய்லர்காரர்கூட என்னடான்னு எட்டிப் பார்த்தார். அன்னைக்கு சாயங்காலம் அம்மாவுக்கு அதையே சிரிக்காம படிச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

வலிக்குதுன்னு சொல்லக் கூடாதுன்னு நீங்க எழுதினதையும் சிரிக்காம படிச்சேன். அதுக்கப்புறம் அந்த அறையில சனிக்கிழமை சத்தம் இருக்காது. பஞ்சுகூடத் தேவையில்ல. பழக்கத்துக்கு வெச்சுக்கிட்டேன்.

ஓய்வுநாள் நமக்குக் கடமையான்னு கேட்டு உங்களுக்கு எழுதினேன். கடமையாவே இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் தபால்ல போட்டேன். போதகர் கடமை இல்லன்னுட்டார். முதலாளி இல்லன்னுட்டார். வருஷக்கணக்குல எனக்கு ஒரு நாள் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்.

குழியில விழுந்த மாட்டை எந்த நாளும் தூக்கலாம்னு எழுதினீங்க. ரொம்பச் சரி. தூக்க ஒரே ஒருத்தன்தான் இருந்தான், அவனும் அந்தக் குழிக்குள்ளதான் இருந்தான். நீங்க மேல கிரேன்ல இருந்தீங்க.

உங்க தனிக் கடிதத்தை அம்மா கையில வெச்சே அடக்கம் பண்ணினேன். பிரிக்கல.

எப்ப வேணும்னாலும் வாங்க. சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்னைக்கு நான் யாருக்கும் கதவு திறக்கிறதில்ல.

உடம்பைப் பார்த்துக்குங்க.

மருமகன்

சனிக்கிழமை, மாடிப்படியில்

மருமகனே,

வேறு நாளில் வந்தால் பாதியில் திரும்பிவிடுவேன் என்று தெரிந்துதான் இன்றைக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தால் உள்ளே வர வேண்டியதில்லையே என்று ஒரு தைரியம். என் வீரம் இவ்வளவுதான்.

கீழே தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர்கூடத் தரவில்லை. இந்தத் தாளும் பென்சிலும் கேட்டேன், அதை மட்டும் கொடுத்தார்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். மருந்து வாசனை இன்னும் இருக்கிறது. மூக்கைப் பொத்தவில்லை. தட்டுவது வேலையா என்று யோசித்தேன். என் சட்டத்தில் அதற்கு ஒரு வரி எழுத மறந்திருக்கிறேன். இருந்தாலும் தட்டவில்லை. பொழுது சாயும்வரை இருக்கிறேன். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன், நீ எழுந்ததும் எடுத்துக்கொள்.

உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது. நீ புரண்டு படுக்கிறாய்.

மாமா